இருமினால் பின்தலை வலி, விரலில் சூடு தெரியவில்லை

கேள்வி: மலேசியாவின் சுங்கை சிப்புட் அருகே செம்பனைக் குலை வெட்டும் என் கணவருக்கு (வயது 36) இருமினாலும் தும்மினாலும் பின்மண்டையில் வலி பிளக்கிறது. சட்டைப் பொத்தானைத் தடவி அறியும் வலக்கைக்குக் கொதிக்கும் தே தாரிக்கின் (பால் தேநீர்) சூடு தெரியவில்லை. கொப்புளம் கண்ட பிறகே பார்த்தார். எம்ஆர்ஐ ஸ்கேனில் சிறுமூளை 9 மில்லிமீட்டர் இறங்கித் தண்டுவடத்தில் நீர் தேங்கியிருப்பதாகவும், அது பிறவிக் குறை என்றும் கூறினர். அண்ணாந்து வேலை செய்ததால் வந்ததா? அறுவை சிகிச்சை அவசியமா? கழுத்தை உருவிவிட்டால் போதும் என்கிறார் மாமியார்.

பதில்: சகோதரி, இது வேலையால் வந்ததன்று. மண்டையோட்டின் பின்பகுதி குறுகலாக அமைந்துவிட்டதால், சிறுமூளையின் கீழ்நுனிகள் அடித்துளை வழியே கழுத்துக்குள் இறங்கியுள்ளன. 1891-இல் பிராக் நகரின் ஹான்ஸ் கியாரி விவரித்ததால் கியாரி குறைபாடு எனப்படுகிறது. 5 மில்லிமீட்டருக்கு மேல் இறங்கியும் தொல்லையே இல்லாதவர்கள் உண்டு. அவர்களுக்குக் கண்காணிப்பே போதும். ஆகவே அந்த 9 மில்லிமீட்டரைவிட, கொப்புளமே என்னைக் கவலைப்பட வைக்கிறது. வலியையும் சூட்டையும் உணர்த்தும் நரம்பிழைகள் தண்டுவடத்தின் நடுவே குறுக்காகக் கடப்பதால், அங்கே தேங்கும் நீர் முதலில் அவற்றையே நசுக்குகிறது; தொடுவுணர்வு செல்லும் பாதை வேறு என்பதால்தான் பொத்தான் தெரிகிறது. இந்நிலையில் அறுவை சிகிச்சையைத் தள்ளிப்போடுவது சரியன்று.

பின்மண்டை எலும்பில் சிறு பகுதியையும் முதல் கழுத்தெலும்பின் பின்வளைவையும் அகற்றி, மூளையுறையை ஒட்டுப்போட்டு விரிவாக்குவார்கள். இருமல் வலி பெரும்பாலும் விலகும், நீர்த்தேக்கம் மாதக்கணக்கில் சுருங்கும். இழந்த சூட்டுணர்வு முழுதும் திரும்பும் என்று மட்டும் உறுதி கூற மாட்டேன். மூளைநீர்க் கசிவு, தொற்று ஆகிய அபாயங்களும் உண்டு. அறுவை சிகிச்சைக்கு முன் மேல்கழுத்து எலும்புகளை சிடி ஸ்கேனிலும், கழுத்தைக் குனிந்தும் நிமிர்ந்தும் எடுக்கும் எக்ஸ்ரேயிலும் பார்த்தார்களா என்று அறுவை மருத்துவரிடம் அவசியம் கேளுங்கள். இக்குறையுள்ளவர்களில் சிலருக்கு முதல் எலும்பு மண்டையோட்டோடு ஒட்டியிருக்கும், அல்லது முதல் இரண்டு எலும்புகள் ஒன்றன்மேல் ஒன்று நழுவும். நழுவினால் திருகாணி வைத்து இறுக்கவும் வேண்டிவரும்.

மாமியாரின் அக்கறையை மதித்தாலும், உருவுவதும் சொடுக்கெடுப்பதும் கூடவே கூடாது. தள்ளாட்டம், விழுங்கும்போது புரையேறுதல், உறக்கத்தில் மூச்சுத் தடை, சிறுநீர் அடைப்பு ஆகியவற்றில் எது தோன்றினாலும், கொடுத்த தேதிக்குக் காத்திராமல் ஈப்போ மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குச் செல்லுங்கள். அறுவை சிகிச்சை வரை வெந்நீரை இடக்கையால் சோதிக்கச் சொல்லுங்கள். அண்ணாந்து கழி பிடிக்கும் வேலை வேண்டாம் என்று மருத்துவரிடம் கடிதம் வாங்கித் தோட்டத்துக் கிராணியிடம் (எழுத்தரிடம்) கொடுங்கள்.