சிகாகோ போகும் முன் அடகுச் சீட்டை எடுத்துப் பாருங்கள்

கேள்வி: நான் சென்னைப் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். பெரம்பூரில் அம்மா, கல்லூரியில் படிக்கும் தம்பியோடு வாடகை வீடு. மாதம் 42,000 ரூபாய் யு.ஜி.சி. உதவித்தொகைதான் குடும்பத்தின் வருமானம். பழைய தமிழ் அச்சு நூல்கள் குறித்த ஆய்வுக்கு ஃபுல்பிரைட்-நேரு உதவித்தொகை கிடைத்து, ஆகஸ்ட்டில் ஒன்பது மாதங்களுக்குச் சிகாகோ செல்கிறேன். அந்த மாதங்களில் இங்குள்ள தொகை நின்றுவிடும். சேமிப்பு 2.2 லட்சம், நகைக்கடன் 2 லட்சம், மாதம் 5,000 சீட்டு. விசா, டிக்கெட், ஆரம்பச் செலவுக்கு 3 லட்சம் தனிநபர் கடன் வாங்கி, அங்கிருந்து மாதம் 1,000 டாலர் அனுப்பி எல்லாவற்றையும் அடைத்துவிடலாம் என்கிறார் மாமா. செய்யலாமா?

பதில்: முதலில் வாழ்த்துகள். பழைய தமிழ் நூல்களைக் காக்கும் ரோஜா முத்தையா நூலகம் 1994இல் சென்னையில் உருவானதற்கே சிகாகோ பல்கலைக்கழகத்தின் துணை உண்டு. உங்கள் ஆய்வுக்கு அதைவிடப் பொருத்தமான ஊர் அமையாது.

தனிநபர் கடன் வேண்டாம். போக வர விமானக் கட்டணத்தை ஃபுல்பிரைட்டே ஏற்கிறது. அமெரிக்க அரசு நடத்தும் பரிமாற்றத் திட்டம் என்பதால் ஜே-1 விசாக் கட்டணமும், அங்கே வரும் மாணவர்களைப் பதிவு செய்வதற்கான செவிஸ் கட்டணமும் கிடையாது. அவற்றுக்காக ஏஜென்ட் யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். உங்களுக்கு உண்மையில் தேவைப்படுவது, அங்கே அறை வாடகைக்கும் முன்பணத்துக்கும், வங்கிக் கணக்கு திறந்து முதல் தவணை கைக்கு வரும்வரை சாப்பாட்டுக்குமான தொகை. சேமிப்பிலிருந்து ஒன்றரை லட்சத்தை ஃபாரெக்ஸ் கார்டில் ஏற்றிக்கொள்ளுங்கள். ஆண்டுக்கு 10 லட்சத்துக்குள் வெளிநாட்டுக்கு அனுப்பும் பணத்துக்கு டி.சி.எஸ். என்ற முன்கூட்டிய வரிப் பிடித்தம் இல்லை. மீதி 70,000 அம்மாவிடம் இருக்கட்டும். முதல் இரண்டு மாதம் அங்கிருந்து ஒரு ரூபாயும் வராது என்று இப்போதே சொல்லிவிடுங்கள்.

மாதம் 1,000 டாலர் என்ற கணக்குதான் எனக்குக் கவலை தருகிறது. உங்களுக்குத் தரப்படுவது சம்பளம் அல்ல. ஒரு ஆள் அந்த ஊரில் தங்கி ஆய்வு செய்வதற்கான செலவுத் தொகை. அதை ரூபாயில் பெருக்கிப் பார்த்தால் பெரிதாகத் தெரியும். வாடகையும் குளிர்கால உடையும் டாலரில்தானே போகும்? அறையைப் பகிர்ந்து, சமைத்துச் சாப்பிட்டால் வீட்டுச் செலவுக்கு 300 டாலர் வரை அனுப்பலாம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு மேல் மிஞ்சுவதைக் கடனுக்கு அனுப்பாமல் அங்கேயே சேர்த்து வையுங்கள். மே மாதம் திரும்பியதும் யு.ஜி.சி. தொகை மறுநாளே வந்துவிடாது. சேர்ந்ததாகக் கடிதம், நெறியாளர் கையொப்பம், பல்கலைக்கழக ஒப்புதல் என்று மாதங்கள் ஓடும். அந்த இடைவெளியில் வட்டிக்கு வாங்கி நொந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். மூன்று மாத வீட்டுச் செலவு கையில் இல்லாமல் அங்கிருந்து திரும்ப விமானம் ஏறாதீர்கள்.

அங்கேயே வேலை தேடிக்கொள்ளலாம் என்று மாமா அடுத்துச் சொல்லக்கூடும். ஃபுல்பிரைட் மூலம் இந்த விசாவில் சென்றவர்கள் பொதுவாக இரண்டு ஆண்டுகள் சொந்த நாட்டில் இருந்த பிறகே எச்-1பி வேலை விசாவோ கிரீன் கார்டோ பெற முடியும். அந்த வருமானத்தை நம்பிக் கடன் போடக் கூடாது.

ஒன்பது மாதத்தில் என்.ஆர்.ஐ. ஆகிவிடுவோமோ என்ற அச்சம் பலருக்கு உண்டு. ஆகஸ்ட் வரை இங்கே இருப்பதால், வேலைக்காக அல்லாமல் படிப்புக்காகச் செல்வதால், இந்த நிதியாண்டு வருமான வரிக் கணக்கில் நீங்கள் இங்கே வசிப்பவரே. கல்விச் செலவுக்கான உதவித்தொகைக்கு வரிவிலக்கு உண்டு. 1961ஆம் ஆண்டுச் சட்டத்தில் அது 10(16) பிரிவு. அமெரிக்காவில் மட்டும் வெளிநாட்டவருக்கான 8843 வரிப் படிவத்தையும், 1040-என்.ஆர். வருமான வரிக் கணக்கையும் உரிய காலத்தில் தாக்கல் செய்ய மறக்காதீர்கள்.

பல், கண்ணாடி வேலைகளை இங்கேயே முடித்துவிடுங்கள். அவர்கள் தரும் காப்பீடு வழக்கமான பல், கண் சிகிச்சைக்கு உதவாது. உங்கள் இந்திய சிம்மைக் குறைந்தபட்ச ரீசார்ஜில் உயிரோடு வைத்திருங்கள். வங்கி ஓடிபி அதற்குத்தான் வரும். சீட்டு எடுக்கும் வாய்ப்பு இருந்தால் புறப்படும் முன்பே எடுத்து, அந்தப் பணத்தில் மீதித் தவணைகளைக் கட்ட ஒதுக்கிவிடுங்கள். கிடைக்காவிட்டால் அம்மாவிடம் விடும் தொகையில் சீட்டுத் தவணையையும் சேர்த்துக் கணக்கிடுங்கள்.

கடைசியாக நகை. கடன் யார் பெயரில் இருக்கிறது? உங்கள் பெயரில் என்றால், கெடு நாளில் நீங்கள் சிகாகோவில் இருப்பீர்கள். மீட்கவோ புதுப்பிக்கவோ அம்மா போனால் வங்கி உங்களைத்தான் கேட்கும். ஏல அறிவிப்பு பெரம்பூர் முகவரிக்கு வரும். இன்றே அடகுச் சீட்டில் தேதியைப் பாருங்கள். ஜூலையிலேயே வட்டியைக் கட்டி, அம்மா பெயரில் மறுபடி வைக்க முடியுமா என்று கிளை மேலாளரிடம் கேளுங்கள். அம்மாவையும் அழைத்துப் போங்கள்.