வாசகர் கேள்வி – பதில்: வாசற்படிக்கு வெளியே ஒரு பித்தளைக் கல்

ராயபுரம் வாசகி: மகள் பெர்லினில் குடியிருக்கும் வீட்டு வாசலில், நடைபாதையோடு சேர்த்துச் சின்னச் சின்னப் பித்தளைச் சதுரங்கள் பதித்திருக்கிறார்களாம். அவை என்ன? மிதிக்கலாமா?

'ஷ்டோல்பர்ஷ்டைன்', அதாவது தடுக்கிவிடும் கல். பெயர்தான் அப்படி, தரைமட்டத்தில் இருப்பதால் கால் தடுக்காது. நாஜிகள் துரத்திய, கொன்ற மனிதர்களுக்கு ஆளுக்கொரு கல். பெரும்பாலும் யூதர்கள்; ஐரோப்பாவின் ரோமா, சின்ட்டி இன மக்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் அரசியல் எதிரிகளுக்கும்கூட உண்டு. குன்டர் டெம்னிக் என்ற கலைஞர் 1992இல் கொலோன் நகரில் முதல் கல்லைப் பதித்தார். 2023இல் நியூரம்பெர்க்கில் ஒரு லட்சமாவது கல்.

கல்லின் வாசகம் 'இங்கே வாழ்ந்தார்' என்று தொடங்கி, பெயர், பிறந்த ஆண்டு, எப்போது எங்கே கொண்டுபோனார்கள், என்ன ஆனார் என்று முடியும். தானே விரும்பிக் குடியிருந்த கடைசி வீட்டு வாசலில்தான் பதிப்பார்கள். தவறு நடப்பதும் இங்கேதான். நாடுகடத்தல் பட்டியலில் இருக்கும் விலாசம், பல நேரம் வீட்டைவிட்டுத் துரத்திப் பல குடும்பங்களை ஒன்றாக அடைத்து வைத்த 'யூதர் வீட்டின்' விலாசம். அதை நம்பினால் கல் தப்பான வாசலுக்குப் போய்விடும். பழைய நகர விலாசப் புத்தகத்தோடு ஒப்பிட்டே முடிவு செய்ய வேண்டும்.

மிதிப்பதைப் பற்றிய சர்ச்சை அங்கேயும் உண்டு. பெயரை மிதிப்பது அவமதிப்பு என்று யூத சமூகத் தலைவர் ஷார்லட் க்னோப்லாக் எதிர்த்தார்; மியூனிக் நகராட்சி 2004 முதல் பொது இடத்தில் இதை அனுமதிப்பதில்லை. அங்கே 2018 முதல் சுவரிலும் கம்பத்திலும் கண்மட்டத்தில் தகடு. குனிந்தால்தான் படிக்க முடியும், குனிவதே வணக்கம் என்பது டெம்னிக் தரப்பு. இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது. நீங்கள் ஒதுங்கி நடந்தால் யாரும் தப்பாக நினைக்கமாட்டார்கள்.

பழைய வண்ணாரப்பேட்டை வாசகர்: கல்லில் எழுத்தை மெஷினில் வெட்டுவதா?

இல்லை. நம் பாத்திரக்கடையில் முன்பு உளி வைத்துத் தட்டிப் பேர் வெட்டினார்களே, அதுபோலக் கைவேலைதான். எழுத்தச்சைத் தகட்டின்மேல் நிறுத்திச் சுத்தியால் ஒவ்வோர் எழுத்தாக அடிப்பார்கள். தகடு ஏறக்குறைய 96 மில்லிமீட்டர் சதுரம்; கீழே கான்கிரீட், உயரம் 10 சென்டிமீட்டர். தொழிற்சாலை மாதிரி நடந்த கொலைக்கு மெஷினில் நினைவுக்கல் செய்யக்கூடாது என்பதே காரணம்.

வியாசர்பாடி வாசகி: கறுத்துப்போனால் குத்துவிளக்குபோலப் புளி போட்டுத் தேய்க்கலாமா?

வேண்டாம். புளியின் அமிலம் எழுத்துப் பள்ளத்தில் தங்கிவிட்டால், கழுவ வாய்ப்பில்லாத தெருவில், துத்தநாகம் கரைந்து செம்புநிறம் தட்டும். முதலில் மணலைத் துடைத்து எடுங்கள்; இல்லையென்றால் அதுவே கீறும். சுற்றிலும் டேப் ஒட்டி, பித்தளை பாலிஷை மென்மையான ஸ்பாஞ்சில் தொட்டுத் தேயுங்கள். பிறகு ஈரத்துணி, கடைசியில் உலர்ந்த துணி. கம்பி நார் கூடவே கூடாது. பள்ளத்தில் இருக்கும் கறுப்பைக் குடைந்து எடுக்காதீர்கள். அது இருந்தால்தான் எழுத்து தெரியும். நவம்பர் 9 (1938இல் யூதர்கள்மீது நாஜிகள் வன்முறையை ஏவிய நாள்), ஜனவரி 27 (அவுஷ்விட்ஸ் வதைமுகாம் விடுதலையான நாள்) ஆகிய நாள்களையொட்டி அக்கம்பக்கத்தாரே வந்து துலக்குவது வழக்கம்.

மண்ணடி வாசகர்: பவளக்காரத் தெரு யூதர்களுக்கும் இப்படிக் கல் உண்டா?

கிடையாது. அவர்கள் 17ஆம் நூற்றாண்டில் பவளமும் வைரமும் வியாபாரம் செய்யச் சென்னைக்கு வந்தவர்கள். அவர்கள் கதையே வேறு.