கப்பலில் மிளகாய் ஏற்றாதீர்கள்

கேள்வி: ராஜேந்திர சோழன் காலத்தில் நடக்கும் சாகச நாவல் ஒன்றைப் பதின்ம வயதினருக்காக எழுதுகிறேன். நாயகனுக்கு 15 வயது. இளவரசனாக்கலாமா?
- வாசகி, கும்பகோணம்

பதில்: வேண்டாமே, நம் நாவல்களில் இளவரசர்கள் ஏற்கெனவே தேவைக்கு மேல் இருக்கிறார்கள். 1025-ல் கடாரத்துக்கு (இன்றைய மலேசியாவின் கெடா) ராஜேந்திரனின் படை போனதை 'அலைகடல் நடுவுள் பலகலம் செலுத்தி' என்று மெய்க்கீர்த்தி, அதாவது அரசனின் புகழ் பாடும் கல்வெட்டு வரிகள், ஒரே மூச்சில் சொல்லிவிட்டுப் போகிறது. அந்தக் கலங்களில் ஒன்றில், அடித்தட்டில் கசியும் தண்ணீரை இறைக்கிற பையன் போதும். அவன் நாகப்பட்டினத்துக்காரனாக இருக்கட்டும். அங்கிருந்த சூடாமணி விகாரை என்ற புத்த மடம், கடாரத்தை ஆண்ட ஸ்ரீவிஜய அரசர்கள் எழுப்பியது, அதற்கு ஆனைமங்கலம் என்ற ஊரையே கொடுத்தவர் ராஜேந்திரனின் அப்பா ராஜராஜன். விகாரையில் அவனுக்குக் கடாரத்துச் சிநேகிதன் ஒருவன் இருந்து, இப்போது கப்பல் அவன் ஊரைக் கொள்ளையடிக்கப் போகிறது என்றால்? பாதிக் கதை கிடைத்துவிட்டது.

அப்புறம் சாப்பாடு. மிளகாய், தக்காளி, உருளைக்கிழங்கு, வேர்க்கடலை எதுவும் அப்போது இங்கே கிடையாது, எல்லாம் போர்த்துகீசியர் வருகைக்குப் பிறகுதான். காரத்துக்கு மிளகு இருக்கிறதே! பேச்சில் 'தங்கள் சித்தம்' எல்லாம் அரண்மனையோடு நிற்கட்டும், கப்பல் பையன்கள் 'அடேய்' என்றே கூப்பிட்டுக்கொள்ளலாம். சோழ வம்சாவளியை மட்டும் முதல் அத்தியாயத்தில் வைத்துவிடாதீர்கள், பிள்ளைகள் அங்கேயே மூடிவைத்துவிடுவார்கள்.