நாலாவது விசிலா, ஐந்தாவது விசிலா?

கேள்வி: எனக்கு 42 வயது. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்கு பார்க்கிறேன். ஆறு மாதமாக எதிலும் மனம் நிற்பதில்லை. போன வாரம் ஒரே பில்லை இரண்டு முறை ஏற்றிவிட்டு முதலாளியிடம் திட்டு வாங்கினேன். குக்கர் வைத்தால் எத்தனை விசில் வந்தது என்று தெரிவதில்லை. முன்பெல்லாம் ஒரே மூச்சில் நாவல் படிப்பேன், இப்போது இரண்டு பக்கம் தாண்டுவதில்லை. ஐந்து மணி நேரம் தூங்கினால் அதிகம். பஞ்சுத் தூசி ஒத்துக்கொள்ளாமல் தினமும் ஒரு தும்மல் மாத்திரை போடுகிறேன், வேறு மருந்து கிடையாது. என் பாட்டிக்குக் கடைசிக் காலத்தில் மறதி நோய் இருந்தது. எனக்கும் ஆரம்பித்துவிட்டதா? "நாலு வேலையை ஒன்றாகப் பார்க்கத் தெரிய வேண்டும், அந்தக் காலத்தில் சதாவதானிகள் நூறு வேலை பார்க்கவில்லையா?" என்கிறார் முதலாளி.

பதில்: பாட்டியின் நோயைப் பற்றிய பயத்தை முதலில் இறக்கி வையுங்கள், அம்மா. எந்த வாரம், எந்தத் தப்பு, யாரிடம் திட்டு என்று வரிசை பிசகாமல் எழுதியிருக்கிறீர்கள். மறதி நோய் தொடங்கியவர்கள் பெரும்பாலும் இப்படி எழுதுவதில்லை. கேட்ட கேள்வியையே பத்து நிமிடத்தில் மறுபடி கேட்பார்கள். நாள்தோறும் போன தெருவில் வழி தவறும். இருபது வருடமாக வைத்த சாம்பாரில் அடுத்து என்ன போடுவது என்று திகைத்து நிற்பார்கள். அவர்களைவிட வீட்டில் இருப்பவர்களுக்குத்தான் அது முதலில் கண்ணில் படும். இவற்றில் எதுவும் உங்கள் கடிதத்தில் இல்லை.

ஒன்றை மறக்க வேண்டுமானால் முதலில் அது மனதில் ஏறியிருக்க வேண்டும். உங்களுக்கு ஏறவே இல்லை. இதே பயத்தோடு வருகிறவர்களிடம் நான் மூன்று சொற்கள் சொல்வேன்: மாம்பழம், சாவி, ரயில். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டால் மூன்றையும் சொல்லிவிடுவார்கள். ஒருவரிடம் அடுத்த மூன்றைச் சொல்லும்போது அவர் சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. எடுக்கவில்லை, கை மட்டும் பைக்குப் போய்த் திரும்பியது. அந்த மூன்றில் அவருக்கு ஒன்றுதான் நினைவிருந்தது. "பார்த்தீங்களா டாக்டர், மறதி!" என்றார். ஞாபகசக்தி டானிக் எழுதித் தரச் சொல்லிக் கேட்டார். நான் எழுதவில்லை. நீங்களும் வாங்காதீர்கள்.

போனைத் தொடாவிட்டாலும் அந்த அதிர்வு போதும். 2015-இல் அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலப் பல்கலைக்கழகத்தில் நடந்த ஆய்வில், தகவல் வந்த ஓசை காதில் விழுந்ததற்கே செய்யும் வேலையில் பிசகு கூடியது. போனை யாரும் எடுத்துப் பார்க்கவில்லை. கலிபோர்னியாவில் குளோரியா மார்க் என்ற, உளவியல் படித்த பேராசிரியர் அலுவலகத்தில் வேலை செய்பவர்களை வருடக்கணக்கில் கவனித்து வந்தார். 2004-இல் திரையில் ஒரே விஷயத்தில் சராசரியாக இரண்டரை நிமிடம் கண் நின்றது. பிற்பாடு வந்த அளவீடுகளில் அது 47 விநாடி. எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது அவர் கண்ட இன்னொன்று: இந்த இடையூறுகளில் ஏறக்குறைய பாதி, அவரவர் தமக்குத் தாமே செய்துகொள்வது. மணி அடிக்கவில்லை, யாரும் கூப்பிடவில்லை. கை தானாகப் போகிறது. நாவலில் இரண்டாவது பக்கத்தில் உங்களை எழுப்புவது யார் என்று ஒரு நாள் கவனித்துப் பாருங்கள்.

இனி உங்கள் முதலாளிக்கு. சதாவதானி செய்குத்தம்பிப் பாவலர் 1907-இல் சென்னை விக்டோரியா மண்டபத்தில் நூறு அவதானம் செய்தது உண்மைதான். ஆனால் அவதானம் என்ற சொல்லுக்கே கவனம் என்றுதான் பொருள். ஒருவர் ஈற்றடி கொடுத்து வெண்பா கேட்பார், ஒருவர் கணக்குப் போடுவார், ஒருவர் மணி அடிப்பார், ஒருவர் முதுகில் கல் எறிவார். எத்தனை மணி, எத்தனை கல் என்று கடைசியில் சொல்ல வேண்டும். அதற்குப் பின்னால் வருடக்கணக்கான பயிற்சி இருந்தது. அந்தச் சபையில் அவருக்கு வேறு வேலையும் கிடையாது. அவர் வெண்பா பாடும்போது யாரும் வந்து "அந்த டெல்லி பார்ட்டி பில் என்னாச்சு?" என்று கேட்கவில்லை. குக்கர் விசிலை எண்ணிக்கொண்டே ரீல்ஸ் பார்ப்பது பயிற்சியே இல்லாமல் மேடையேறுவது மாதிரி. நமக்கெல்லாம் மூளை ஒன்றை விட்டுத்தான் இன்னொன்றைப் பிடிக்கும். ஒவ்வொரு தாவலிலும் கொஞ்சம் சிந்தும். சோஃபி லெராய் என்ற ஆய்வாளர் 2009-இல் இதை "கவன மிச்சம்" என்ற பொருளில் ஒரு பெயரிட்டு விளக்கினார். முடிக்காமல் விட்ட வேலையின் ஒரு துண்டு, அடுத்த வேலைக்குள்ளும் நம்மோடு வந்து உட்கார்ந்துகொள்கிறது. பில்லை இரண்டு முறை ஏற்ற வைத்தது அநேகமாக அந்தத் துண்டுதான்.

அதே லெராய் பின்னர் சொன்ன ஒரு வழி எளிது. யாராவது கூப்பிட்டால், எழுந்திருப்பதற்கு முன் எங்கே விட்டீர்கள், திரும்பி வந்து என்ன செய்ய வேண்டும் என்று ஒரு வரி எழுதிவிட்டுப் போங்கள். உங்கள் வேலைக்கு: ஏற்றிய பில்லில் பென்சிலால் ஒரு டிக், அப்புறம்தான் நாற்காலியை நகர்த்துவது. காலையில் முதல் ஒரு மணி நேரம் போன் மேஜையில் வேண்டாம், சாப்பாட்டுப் பையோடு இருக்கட்டும். அழைப்பு ஒலி மட்டும் போதும், மற்ற ஓசைகளை அணைத்துவிடுங்கள். எடுத்துப் பார்க்கத் தோன்றும்போதெல்லாம் ஒரு துண்டுத் தாளில் கோடு போடுங்கள். முதல் நாள் எண்ணிக்கை உங்களுக்கே சிரிப்பாக இருக்கும். விசிலுக்கு என் அம்மா செய்ததையே சொல்கிறேன்: அடுப்பு மேடையில் நாலு புளியங்கொட்டை, விசிலுக்கு ஒன்றாகத் தள்ளி வைப்பார்.

பழி முழுவதையும் போன் மேல் போட்டுவிட்டு நகரவும் எனக்கு மனமில்லை. ஐந்து மணி நேரத் தூக்கத்தில் யாருக்கும் கவனம் நிற்காது. ஏழு மணி நேரமாவது வேண்டும். உங்கள் வயதில் மாதவிடாய் ஒழுங்கு மாறத் தொடங்கும்போதும் தூக்கம் கெடலாம், அதையும் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். ஹீமோகுளோபின், தைராய்டுக்கான டி.எஸ்.எச்., வைட்டமின் பி12, சர்க்கரை ஆகிய நான்கையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கு மேல் இரத்தசோகை உள்ளவர்கள். எதிலும் ஆசையே இல்லை, அழுகை வருகிறது என்றால் அது மனச்சோர்வாக இருக்கலாம், அதற்கும் சிகிச்சை உண்டு. ரீல்ஸ் பார்த்துவிட்டு "எனக்கு ஏ.டி.எச்.டி." என்று வருகிறவர்கள் இப்போது அதிகம். அந்தக் கவனக் குறைபாட்டின் அறிகுறிகள் 12 வயதுக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும், ஆறு மாதத்தில் முளைக்காது.

அப்புறம், போகிற போக்கில் ஒரு வரியில் எழுதிய அந்தத் தும்மல் மாத்திரை. குளோர்ஃபெனிரமின் போன்ற பழைய வகையாக இருந்தால், இரவில் போட்டாலும் மறுநாள் காலை வரை மந்தமாக வைக்கும். செட்டிரிசின்கூடச் சிலரை அசத்திவிடும். தூக்கம் வரவழைக்காத மாத்திரைகள் இருக்கின்றன. பெயரை நானே எழுதிவிடுவேன், ஆனால் நீங்கள் என்ன போடுகிறீர்கள் என்று தெரியாமல் எழுதுவது சரியில்லை. இரத்தப் பரிசோதனைக்குப் போகும் அன்று அந்த அட்டையையும் கையோடு எடுத்துப்போய் உங்கள் மருத்துவரிடம் காட்டுங்கள்.