யூரின் ட்யூப் எடுத்த பிறகு ஆச்சி ஏன் தண்ணீர் குடிக்கவில்லை?

கேள்வி: காரைக்குடியில் ஒரு தனியார் மருத்துவமனையில் ஒன்பது வருடமாக ஸ்டாஃப் நர்ஸாக இருக்கிறேன். கானாடுகாத்தான் பக்கத்திலிருந்து ஓர் ஆச்சி, 78 வயது, வீட்டில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து ஆபரேஷனுக்கு வந்தார். மகன் சிங்கப்பூரில். பகலில் வீட்டு வேலைக்காரம்மா கூட இருப்பார், இரவில் யாரும் இல்லை. மாத்திரை, ஊசி, பி.பி., டிரெஸ்ஸிங் எதிலும் நான் நேரம் தவறவில்லை. ஆனாலும் அவர் சாயங்காலமானால் சிடுசிடு என்றே இருப்பார். யூரின் ட்யூப் எடுத்த நாளிலிருந்து தண்ணீர்கூடச் சரியாகக் குடிக்கவில்லை, எத்தனை தடவை சொன்னாலும் கேட்கவில்லை. ஒருநாள் ராத்திரி பிதற்றவும் செய்தார். டிஸ்சார்ஜ் அன்று படிவத்தில் 'நர்ஸ்கள் கவனிப்பு இல்லை' என்று எழுதிவிட்டுப் போய்விட்டார்கள். மேட்ரன் என்னிடம் விளக்கம் கேட்டிருக்கிறார். இரவில் 14 படுக்கைக்கு நானும் ஒரு வார்டு பாயும்தான். நோயாளிகள் எங்களிடம் என்னதான் எதிர்பார்க்கிறார்கள்?
- பெயர் வேண்டாம், காரைக்குடி

பதில்: படிவத்தைப் பற்றியும் மேட்ரனைப் பற்றியும் அப்புறம் பேசலாம். உங்கள் கடிதத்தில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். ட்யூப் எடுத்த நாளிலிருந்து ஆச்சி தண்ணீர் குடிக்கவில்லை. அப்படியென்றால் ட்யூப் இருந்தவரை குடித்திருக்கிறார். நடுவில் என்ன மாறியது என்று ஒரு தடவையாவது யோசித்தீர்களா அம்மா?

ட்யூப் இருந்தபோது சிறுநீர் தானாகப் பையில் இறங்கியது. யாரையும் கூப்பிட வேண்டியிருக்கவில்லை. எடுத்த பிறகு, படுத்தபடியே ஒண்ணுக்குப் போக அடியில் வைக்கும் பெட் பேன். பகலில் வேலைக்காரம்மா வைத்திருப்பார். ராத்திரி? நீங்கள் அந்தக் கடைசி ரூமில் ட்ரிப்ஸ் மாற்றிக்கொண்டிருந்தால், மணி அடித்ததும் வந்து நிற்பது வார்டு பாய். பேரன் வயதுப் பையன் முன்னால் புடவையை விலக்குவதைவிடத் தொண்டை காய்ந்து கிடக்கலாம் என்று அந்த ஆச்சி முடிவு செய்துவிட்டார். அவருடைய சிடுசிடுப்பு சாயங்காலம்தான் வருகிறது என்றும் நீங்களே எழுதியிருக்கிறீர்கள். வேலைக்காரம்மா வீட்டுக்குக் கிளம்பும் நேரம் அது.

நீங்கள் இந்த ஊர்ப் பெண். செட்டிநாட்டு வீட்டை நான் உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. முகப்பும் பட்டாலையும் ஆண்களுக்கும் வந்துபோகிறவர்களுக்கும். பெண்களின் புழக்கமெல்லாம் உள்கட்டில். அங்கே ஒரு வாழ்நாளைக் கழித்தவரை நாலு பேர் நடமாடும் வார்டில் படுக்கவைத்துவிட்டு, "தண்ணி குடிங்க, தண்ணி குடிங்க" என்று தலைமாட்டில் பாட்டிலை வைத்துவிட்டுப் போனால் போதுமா? இதை "சொன்னாலும் கேட்கவில்லை" என்று எழுத உங்களுக்கு எப்படி மனசு வந்தது? சார்ட்டில் 'ஒத்துழைக்கவில்லை' என்று எழுதியிருந்தால் அது பொய். கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்காமல் விட்டது நீங்கள்.

இதை வெறும் கூச்சம் என்று தள்ளிவிடவும் முடியாது. வயதானவர் தண்ணீரைக் குறைத்தால் சிறுநீர்த் தொற்று வரும், மலம் இறுகும், புத்தி தடுமாறும். அன்று ராத்திரி அவர் பிதற்றியதற்கு மயக்க மருந்தோ வலியோ காரணமாக இருந்திருக்கலாம். வறட்சியும் இருந்திருக்கலாம். 50 கிலோ எடையுள்ளவருக்கு மணிக்கு 25 மில்லிக்குக் கீழே சிறுநீர் இறங்கினால் டாக்டரிடம் சொல்ல வேண்டும் என்று படித்தவர் நீங்கள். ட்யூபும் பையும் இருந்தவரை அந்தக் கணக்கைக் குறித்திருப்பீர்கள். பை போனதும் கணக்கும் போய்விட்டதா?

நர்சிங் பாடத்தில் வர்ஜீனியா ஹென்டர்சன் என்ற நர்ஸ் எழுதியதைப் படித்திருப்பீர்கள். நர்ஸ் கவனிக்க வேண்டிய 14 தேவைகளை அவர் வரிசைப்படுத்தியபோது முதலில் மூச்சை வைத்தார், அடுத்தது உண்பதும் குடிப்பதும், மூன்றாவது கழிவு வெளியேறுவது. உடம்பில் வலு இருந்தால் ஒருவர் தானே செய்துகொண்டிருப்பார் இல்லையா, அதை வலு இல்லாத நேரத்தில் செய்துகொடுப்பவர்தான் நர்ஸ் என்றார். ஊசியும் மாத்திரையும் டாக்டர் எழுதிக் கொடுத்ததால் நேரம் தவறாமல் கொடுத்தீர்கள். யாரும் எழுதிக் கொடுக்காதது உங்கள் கண்ணில் படவில்லை. படிவத்தில் அவர்கள் 'கவனிப்பு' என்று எழுதியது இதைத்தான். வேறு எப்படி எழுதுவார்கள்? அந்தத் தலைமுறைப் பெண்கள் பெற்ற மகளிடமே இதைச் சொல்லமாட்டார்கள். குடிக்காத டம்ளர், தள்ளிவைத்த ரசம், விளக்கு அணைத்த பிறகு வரும் கோபம், இவற்றில்தான் நீங்கள் பார்த்துக்கொள்ள வேண்டும். என்ன எதிர்பார்க்கிறார்கள் என்று என்னைக் கேட்டு எழுதும் நர்ஸ்கள் நிறையப் பேர். நோயாளியின் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து கேட்டதாக எழுதியவர்கள் குறைவு.

அந்த மகனையும் நான் விடமாட்டேன். பில்லைக் கட்டியதோடு கடமை முடிந்துவிட்டதா? சிங்கப்பூரிலிருந்து திருச்சிக்கு நேர் விமானம் இருக்கிறது. இடுப்பு உடைந்து கிடக்கும் ஆத்தாவுக்கு ராத்திரித் துணையாக மகளோ மருமகளோ பங்காளி வீட்டுப் பெண்ணோ ஒருத்தி இருக்க ஏற்பாடு செய்திருக்க வேண்டும். ஒரு கல்யாணமென்றால் ஊரே திரும்பி வந்து வீட்டைத் திறக்கிற குடும்பங்கள் இவை. ஆனால் அவர்கள் வராததால்தான் அந்தப் பொறுப்பு உங்கள் கைக்கு வந்தது. வராதவர்களைக் காட்டி நீங்கள் கையைக் கழுவ முடியாது.

சரி, இனி செய்ய வேண்டியது. ட்யூப் எடுக்கிற அன்றைக்கே, எடுப்பதற்கு முன்னால், இனி எப்படி என்பதை அவரிடம் பேசிவிடுங்கள். யார் வருவார், எப்போது வருவார் என்று அவருக்குத் தெரிய வேண்டும். அவர் கூப்பிடக் காத்திருக்காமல் நீங்களே நேரம் வைத்துப் போங்கள்: காலையில் எழுந்ததும், பார்வையாளர் வருவதற்கு முன்னால், தூங்கப்போகுமுன், விடியற்காலை. "ஒண்ணுக்குப் போறீகளா ஆச்சி? நான்தான் இருக்கேன், வேற யாரும் வரமாட்டாக" என்று சொல்லி ஸ்கிரீனை முழுசாக இழுத்துவிடுங்கள். இடுப்பு ஆபரேஷன் ஆனவருக்கு உயரமான பெட் பேனை வைத்து வலியில் துடிக்கவிடாதீர்கள். ஒரு பக்கம் தட்டையான ஃபிராக்சர் பேன் இருக்கிறது, வார்டில் இல்லையென்றால் கேட்டு வாங்குங்கள். வலி மாத்திரை வேலை செய்யும் நேரமாகப் பார்த்துப் புரட்டுங்கள். தண்ணீரைப் பகலிலேயே கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துவிட்டால் ராத்திரி பாடு குறையும். முடிந்ததும் வெதுவெதுப்பான தண்ணீரில் சுத்தம் செய்து துடைத்துவிடுங்கள். ஈரத்தோடு விட்டுவிட்டு வந்தால் அவர் மறுபடி குடிக்கமாட்டார்.

தையல் பிரிக்க அந்த ஆச்சி வருவார். அன்றைக்கு உங்கள் டியூட்டி எதுவாக இருந்தாலும் போய்ப் பாருங்கள். "ராத்திரியில பையனை அனுப்பினது தப்பு ஆச்சி" என்று நேராகச் சொல்லுங்கள்.

14 படுக்கைக்கு ஒரு நர்ஸ் என்பது அநியாயம். அதை ஆச்சியின் மேல் இறக்காமல் மேட்ரனிடம் எடுத்துக்கொண்டு போங்கள். விளக்கம் கேட்டிருக்கிறார் அல்லவா, அதிலேயே எழுதுங்கள். ஆண் டாக்டர் ஒரு பெண்ணைப் பரிசோதிக்கும்போது இன்னொரு பெண் உடன் இருக்க வேண்டும் என்று தேசிய மனித உரிமை ஆணையத்தின் நோயாளி உரிமைச் சாசனம் சொல்கிறது. டாக்டருக்கே அப்படியென்றால் பெட் பேன் வைக்கும் வார்டு பாய்க்கு? ட்யூப் எடுத்ததற்கு முந்தின நாளும் அடுத்த நாளும் ஆச்சி எவ்வளவு குடித்தார் என்பதைச் சார்ட்டிலிருந்து எடுத்து இணையுங்கள். இரவு ஷிப்டுக்கு ஒரு ஆயாம்மா வேண்டும் என்று கேட்டு, உங்களோடு ராத்திரி டியூட்டி பார்க்கிற மற்ற நர்ஸ்களிடமும் கையெழுத்து வாங்கிக் கொடுங்கள்.