பாட்டு வேறு, பதிவு வேறு

கேள்வி: கல்முனையில் நாங்கள் நான்கு பேர் சேர்ந்து ஒரு ஹெவி மெட்டல் பாண்ட் நடத்துகிறோம். 2022இல் கொழும்பில் ஒரு ஸ்டூடியோவில் ஆறு பாட்டுகள் பதிந்தோம். செலவில் பாதியை நாங்கள் கட்டினோம். தானே எல்லாத் தளங்களிலும் ஏற்றி, வருமானத்தைப் பிரித்துத் தருவதாக ஸ்டூடியோக்காரர் சொன்னார். எதிலும் கையெழுத்து வைக்கவில்லை. இன்றுவரை ஒரு சதமும் வரவில்லை. எங்கள் யூடியூப் சேனலில் எங்கள் பாட்டையே ஏற்றினால் உரிமைக் கோரல் வருகிறது. பாட்டு எழுதியவர் என்று அவருடைய பெயர் கிடக்கிறது. இங்கிலாந்து மெட்டல் பாண்ட் டயமண்ட் ஹெட் ஏமாந்த மாதிரி நாங்களும் ஏமாந்துவிட்டோமா?

பதில்: தம்பி, டயமண்ட் ஹெட்டை நீங்களே இழுத்துவிட்டீர்கள். அங்கேயே தொடங்குவோம், ஏனென்றால் உங்கள் கேள்விக்கான பதில் பாதி அந்தக் கதையில் இருக்கிறது.

இங்கிலாந்தின் ஸ்டௌர்பிரிட்ஜ் என்ற ஊர்ப் பையன்கள். 1980இல் முதல் அல்பத்தைத் தாங்களாகவே வெளியிட்டார்கள். அட்டையில் படமில்லை, வெறும் வெள்ளை உறை, ஆயிரம் பிரதி. மூல ஒலிநாடா ஒரு ஜெர்மன் கம்பெனிக்குப் போனது, திரும்பி வரவில்லை. அமெரிக்க மெட்டல் பாண்ட் மெட்டாலிக்காவின் ட்ரம்மர் லார்ஸ் உல்ரிச் 1990இல் ஒரு தொகுப்புக்காகத் தேடப்போய்த்தான் அது அகப்பட்டது. இதுவரை ஏமாந்த கதைதான். ஆனால் அதே அல்பத்திலிருந்த ஒரு பாட்டை மெட்டாலிக்கா 1984இல் பாடிப் பதிந்தது. எழுதியவர்கள் என்று பாடகர் ஷோன் ஹாரிஸ், கிட்டாரிஸ்ட் பிரையன் டாட்லர் இருவர் பெயரும் இருந்ததால் றோயல்டி, அதாவது பாட்டு எழுதியவருக்குச் சேர வேண்டிய பங்கு, அவர்களைத் தேடி வந்தது. நாடா போனது, பாட்டு போகவில்லை.

உங்கள் விஷயமும் இதுதான். பாட்டு என்பது வரியும் மெட்டும். பதிவு என்பது அன்று ஸ்டூடியோவில் பிடித்த அந்தச் சத்தம். இரண்டுக்கும் உரிமை தனித்தனி. நம் நாட்டில் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் இதைப் பார்த்துக்கொள்கிறது. பாட்டை ஆக்கிய கணத்திலேயே அது உங்களுடையது. எந்த அலுவலகத்திலும் பதிவு செய்யத் தேவையில்லை. உங்கள் ஆயுட்காலமும் அதன்பின் 70 வருடமும் நிற்கும். அதை இன்னொருவருக்கு மாற்றுவதென்றால் எழுத்தில், இரு தரப்பும் கையெழுத்திட்டு மாற்ற வேண்டும். கையெழுத்து வைக்கவில்லையே என்று நீங்கள் கவலையாக எழுதியிருக்கிறீர்கள். உங்களுக்கு வாய்த்த அதிர்ஷ்டமே அதுதான்! அப்புறம், ஆக்கியவர் பெயரைப் போடச் சொல்லும் உரிமையும் தனியாக இருக்கிறது. அவர் தன் பெயரைப் போட்டது அதற்கும் முரண்.

பதிவில்தான் சிக்கல். முன்கையெடுத்து, பொறுப்பேற்றுப் பதிவைச் செய்வித்தவரையே சட்டம் தயாரிப்பாளர் என்று பார்க்கும். பாதிச் செலவு அவருடையது என்றால் அவருக்கும் வாதம் உண்டு. வங்கியில் காசு கட்டிய துண்டு இருந்தால் பத்திரப்படுத்துங்கள். வட்ஸ்அப் உரையாடலில் ஒரு வரியையும் அழிக்க வேண்டாம், உங்களுக்குப் பாதகமானதையும்கூட. போனில் பாடிப் பார்த்த முதல் ஒலித்துண்டு, வரி எழுதிய கொப்பி, திகதியோடு கிடக்கும் கோப்புகள், எல்லாம் வேண்டும். கொப்பியைத் தனக்கே பதிவுத் தபாலில் அனுப்பி, திகதிக்கு அதுவே ஆதாரம் என்று உறையை உடைக்காமல் வைத்திருக்கும் பழக்கம் மட்டக்களப்பில் இன்னும் சிலரிடம் இருக்கிறது. சும்மா முத்திரைச் செலவு.

சரி, இப்போது செய்ய வேண்டியது. யூடியூப் தானாக உருவாக்கிய உங்கள் பாட்டின் வீடியோவைத் திறந்து, கீழே இருக்கும் விவரத்தைப் படியுங்கள். முதல் வரியில் அதை அனுப்பிய விநியோக நிறுவனத்தின் பெயர் இருக்கும். இன்னும் கீழே, வட்டத்துக்குள் ‘பி’ எழுத்துப் போட்ட வரியில், பதிவுக்கு உரிமை கோருபவர் யாரென்று தெரியும். அந்த விநியோக நிறுவனத்துக்கு எழுதுங்கள்: எழுதியவர் பெயர் பிழை, பாட்டுரிமை மாற்றப்படவில்லை, ஆதாரம் இணைத்துள்ளோம். அது போதும், நாலு பக்கப் புலம்பல் வேண்டாம்.

உங்கள் சேனலில் வரும் கோரலையும் ஆட்சேபியுங்கள். கோரியவருக்குப் பதில் சொல்ல 30 நாள் அவகாசம். சொல்லாவிட்டால் கோரல் தானாக விழும். விளம்பர வருமானம் வரும் சேனல் என்றால் கோரல் வந்து 5 நாளுக்குள் ஆட்சேபியுங்கள். அப்போதுதான் முதல் நாளிலிருந்தே காசு யாருக்கும் போகாமல் நிறுத்தி வைக்கப்படும். ஆனால் கோரல் பதிவின் மேலா பாட்டின் மேலா என்று பார்த்துவிட்டு எழுதுங்கள். பதிவின் மேல் வந்த கோரலுக்கு ‘பாட்டு எங்களுடையது’ என்று மட்டும் எழுதினால் எடுபடாது. நீங்கள் கட்டிய காசையும் சொல்ல வேண்டும்.

வழக்கு? இந்த வகை வழக்கை உங்கள் ஊரில் போட முடியாது, கொழும்பிலுள்ள வணிக மேல் நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும். கல்முனையிலிருந்து ஒவ்வொரு தவணைக்கும் பஸ் ஏறுவதை நினைத்துப் பாருங்கள். ஆறு பாட்டின் வருமானம் பஸ் காசுக்கும் காணாது. புலமைச் சொத்து தெரிந்த ஒரு சட்டத்தரணியிடம் ஒரேயொரு கோரிக்கைக் கடிதம் எழுதி வாங்கி அனுப்புங்கள். பெயரைத் திருத்து, கோரலை எடு, கணக்கைக் காட்டு. பலர் அந்தக் கட்டத்திலேயே இறங்கி வந்துவிடுவார்கள். அதற்கு முன் பேஸ்புக்கில் அவரைக் கிழித்து எழுதிவிடாதீர்கள். எழுதினால் பேச்சு பாட்டை விட்டு நீங்கள் பேஸ்புக்கில் எழுதியதைப் பற்றியதாக மாறிவிடும்.

அவர் அசையாவிட்டால் அதே ஆறு பாட்டையும் மீண்டும் பதியுங்கள். பாட்டு உங்களுடையது என்பதால் யாரும் தடுக்க முடியாது. டயமண்ட் ஹெட் 40 வருடம் கழித்து, 2020இல், அந்த முதல் அல்பத்தையே புதிதாகப் பதிந்து வெளியிட்டது. உங்களுக்கு அவ்வளவு காலம் தேவையில்லை, மட்டக்களப்பிலேயே நல்ல ஸ்டூடியோ பிடிக்கலாம். போவதற்கு முன் நான்கு பேரும் உட்கார்ந்து, எந்தப் பாட்டில் யாருக்கு எத்தனை வீதம் என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வையுங்கள். ட்ரம்ஸ் அடிப்பவரை மறந்துவிடாதீர்கள், இந்தச் சண்டை அநேகமாக அங்கேதான் தொடங்கும். பதிவு முடிந்த அன்றே மூலக் கோப்புகளை உங்கள் ஹார்ட் டிஸ்க்கில் ஏற்றிக்கொண்டுதான் ஸ்டூடியோப் படியிறங்க வேண்டும்.