பழைய பொருளில் கையடக்க எல்இடி விளக்கு: கேள்வி பதில்

கேள்வி: அண்ணா, பழைய லேப்டாப் பேட்டரியைப் பிரித்தேன். உள்ளே ஆறு செல். எல்லாவற்றையும் பயன்படுத்தலாமா?

அவசரப்படாதீர்கள். அவை 18650 செல்கள்: விட்டம் 18 மிமீ, நீளம் 65 மிமீ. மல்டிமீட்டரில் ஒவ்வொன்றாக அளந்து பாருங்கள். 2 வோல்ட்டுக்குக் கீழே இறங்கியதை ஒதுக்கிவிடுங்கள், அதற்கு உயிர் கொடுக்கப் பார்க்க வேண்டாம். மீதியை 4.2 வோல்ட் வரை சார்ஜ் செய்து ஒரு வாரம் சும்மா வையுங்கள். 4 வோல்ட்டுக்குக் கீழே வந்திருந்தால் உள்ளுக்குள்ளேயே கசிகிறது என்று அர்த்தம், அதுவும் வேண்டாம். சார்ஜ் ஏறும்போது கை வைத்துப் பாருங்கள். சுடுகிற செல்லை உடனே கழற்றிவிடுங்கள். ஒரு விளக்குக்கு ஒரு நல்ல செல் போதும்.

செல்லின் மேல் நேரடியாகச் சால்டர் வைக்காதீர்கள். பிரிக்கும்போது அதில் ஒட்டியிருக்கும் நிக்கல் பட்டையைக் கொஞ்சம் விட்டு வெட்டினால், அந்த நுனியிலேயே ஒயரைப் பிடிக்கலாம்.

கேள்வி: உப்பிய மொபைல் பேட்டரி இருக்கிறது. ஊசியால் குத்திக் காற்றை எடுத்தால் சரியாகுமா?

கூடவே கூடாது. தீப்பிடிக்கும். முனைகளில் டேப் ஒட்டி, மின்கழிவு வாங்குமிடத்தில் கொடுத்துவிடுங்கள்.

கேள்வி: 5 மிமீ வெள்ளை எல்இடி பத்து வைத்திருக்கிறேன். என்ன ரெசிஸ்டர் போடுவது?

செல் முழு சார்ஜில் 4.2 வோல்ட். வெள்ளை எல்இடி ஏறக்குறைய 3.2 எடுத்துக்கொள்ளும். மிச்சம் 1 வோல்ட். 20 மில்லிஆம்பியருக்கு 1ஐ 0.02ஆல் வகுத்தால் 50 ஓம். கிடைப்பது 47 அல்லது 56. நான் 56தான் போடுவேன். ஒவ்வொரு எல்இடிக்கும் தனித்தனி ரெசிஸ்டர். பத்தும் சேர்ந்து 180 மில்லிஆம்பியர் அளவில் இழுக்கும். செல் இறங்க இறங்க வெளிச்சமும் குறையும், அதனால் 2000 மில்லிஆம்பியர்-மணி மிச்சமுள்ள பழைய செல்லே பத்து மணி நேரத்துக்கு மேல் தாங்கும்.

கேள்வி: ரெசிஸ்டரே தேவையில்லை சார். ஐந்து எல்இடியை லித்தியம் செல்லில் நேராகவே கொடுத்திருக்கிறேன், ஒரு மாதமாக எரிகிறது. கடையில் வாங்கிய டார்ச்சைப் பிரித்தேன், அதிலும் ரெசிஸ்டர் இல்லை.

நீங்கள் பார்த்தது சரி. ஆனால் அந்த டார்ச்சில் இருந்தது என்ன பேட்டரி? பொத்தான் செல்லோ மூன்று சின்ன பென்சில் செல்லோ இருந்திருக்கும். அவற்றின் உள்தடையே ரெசிஸ்டர் வேலையைச் செய்துவிடும். லித்தியம் செல்லுக்கு உள்தடை மிகக் குறைவு, கேட்டதையெல்லாம் கொடுக்கும். எல்இடி சூடாகச் சூடாக அதற்குத் தேவையான வோல்ட்டேஜ் குறைகிறது, கரண்ட் கூடுகிறது, இன்னும் சூடாகிறது. ஐந்தும் அச்சில் வார்த்தாற்போல் ஒன்றாக இருக்காது. எது முந்துகிறதோ அது அதிகச் சுமையை வாங்கிக்கொண்டு முதலில் போகும். மீட்டரைத் தொடரில் போட்டு அளந்துவிட்டு வாருங்கள், காத்திருக்கிறேன்.

கேள்வி: சார்ஜ் செய்ய மொபைல் சார்ஜர் ஒயரை நேராகக் கொடுக்கலாமா?

கூடாது. அது 5 வோல்ட், செல் 4.2ஐத் தாண்டக் கூடாது. டிபி4056 என்ற லித்தியம் சார்ஜிங் போர்டு வாங்குங்கள், பாதுகாப்புச் சுற்றும் சேர்ந்ததாக. பெரும்பாலும் 1 ஆம்பியருக்கு அமைத்திருப்பார்கள். சின்ன பேட்டரி என்றால் அதிலுள்ள 1.2 கிலோஓம் ரெசிஸ்டரை எடுத்துவிட்டு 2.4 கிலோஓம் போட்டால் பாதியாகும்.

கேள்வி: கெட்டுப்போன எல்இடி பல்பின் தட்டை இதில் போடலாமா?

அதில் சில்லுகள் வரிசையாகத் தொடரில் இருக்கும். பல தட்டுகளில் ஒரே சில்லுக்குள்ளேயே இரண்டு மூன்று எல்இடி அடுக்கியிருப்பார்கள், நம் செல்லின் சராசரி 3.7 வோல்ட்டுக்கு அது கண்ணே திறக்காது. பல்பின் மேல்மூடியை எடுத்து வையுங்கள். வெளிச்சத்தைக் கண் கூசாமல் பரப்ப அதைவிட நல்ல பொருள் கிடைக்காது.

கேள்வி: மொபைல் பேட்டரி லேசாகத்தான் உப்பியிருக்கிறது, போடலாமா?

மேலே சொல்லிவிட்டேன். லேசாக உப்பினாலும் உப்பியதுதான்.

கேள்வி: 12 எல்இடிக்கு என்ன ரெசிஸ்டர்?

அதே 56, ஒவ்வொன்றுக்கும். எண்ணிக்கை கூடினாலும் இது மாறாது. தயவுசெய்து மேலே உள்ளதைப் படித்துவிட்டுக் கேளுங்கள்.

கேள்வி: பழைய சிஎஃப்எல் பல்பில் எடுக்க ஏதாவது உண்டா?

போர்டில் ஒரு குட்டி ஃபெரைட் வளையம் இருக்கும். அதில் இரண்டு தனித்தனிச் சுருள்களாகக் கம்பி சுற்றி, ஒரு டிரான்சிஸ்டரும் ரெசிஸ்டரும் சேர்த்தால் 1 வோல்ட்டுக்கு இறங்கிப்போன பென்சில் செல்லிலும் எல்இடி எரியும். ஆனால் கண்ணாடிக் குழாயை உடைத்துவிடாதீர்கள், உள்ளே பாதரசம்.

கேள்வி: சார், ரெசிஸ்டர் வேண்டாம் என்றவன்தான். அளந்தேன். ஐந்துக்கும் சேர்த்து 310 மில்லிஆம்பியர். ஒன்று மட்டும் மங்கி, நீலம் பாய்ந்திருக்கிறது.

ஒன்றுக்குச் சராசரி 62, தாங்குவது 20. நீலம் பாய்ந்ததைக் கழற்றிவிடுங்கள், அது தேறாது. மற்ற நான்குக்கும் 56 ஓம் போட்டு மறுபடி அளந்து எண்ணைச் சொல்லுங்கள். 70க்குப் பக்கத்தில் வர வேண்டும்.